வண்டி மேடு ஏற மாட்டேங்குது, அவசரம்

சரக்கு_காரவள்ளி
காரவள்ளிலேர்ந்து கொல்லிமலைக்கு ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சாலும் அப்படியே அமுங்குது. காலைல கிளம்பும்போது நல்லாத்தான் இருக்கு. மெக்கானிக் பம்பைக் கழட்டணும்கிறாரு. சொல்ற தொகை கட்டுபடி ஆகாது. நாளைக்கு லோடு இருக்கு, தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

டாப்கியர்
என்ன வண்டி? டீசலா பெட்ரோலா?

பூஸ்ட்_பிரபு
டர்போ ஹோஸ், அதான் என்ஜினுக்குக் காத்தை அழுத்தி அனுப்புற குழாய், கிழிஞ்சிருக்கும். கண்ணை மூடிட்டு மாத்துங்க. என் காருக்கும் இதே கதைதான், ஹோஸ் மாத்தினதும் பறந்துச்சு.

நாமக்கல்_லாரி
வண்டி பேரே இன்னும் சொல்லல, அதுக்குள்ள டர்போவா தம்பி?

ஓம்ஸ்_லா
ஸ்கேனர் போட்டுப் பார்த்தீங்களா? என்ன எரர் கோட் வருது?

சரக்கு_காரவள்ளி
குட்டி யானைங்க, டாடா ஏஸ். 2007. ஸ்கேனர் எல்லாம் மாட்டினதில்ல.

பழைய_இரும்பு
மாட்டவும் முடியாது. அந்த வருட வண்டியில் கம்ப்யூட்டரே கிடையாது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், டர்போ இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே இங்கே இருவர் வைத்தியம் சொல்லிவிட்டார்கள். கேள்வி கேட்பவருக்கும் ஒரு வார்த்தை: 'இழுக்கலை' என்பது நோயின் பெயர் அல்ல. புகை என்ன நிறம்? லோடு எவ்வளவு? என்ஜின் சூடு ஏறுகிறதா? சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையா, இல்லை சத்தமே ஏறவில்லையா? கடைசியாக எதைக் கழற்றி மாட்டினீர்கள்? பத்து வருடமாக இதே கேள்விகளை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

டாப்கியர்
அண்ணே, அவசரத்துல கேட்கிறார். கொஞ்சம் பதமா சொல்லலாமே.

கிளட்ச்_கண்ணன்
கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கும். மேட்டுல மட்டும் படுக்குதுன்னா முக்கால்வாசி கிளட்ச்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு மூணாவது கியர்ல மெதுவா கிளட்சை விடுங்க. என்ஜின் ஆஃப் ஆகாம சுத்திட்டே இருந்தா முடிஞ்சது ஜோலி.

சரக்கு_காரவள்ளி
சத்தமே ஏறலைங்க. புகையும் ஒண்ணும் பெருசா இல்ல. லோடு வழக்கம்போலத்தான்.

நாமக்கல்_லாரி
சத்தமே ஏறலைன்னா கிளட்ச் இல்ல. புகை இல்லாததுதான் இதுல பெரிய துப்பு. கருப்பா கக்கினா டீசல் போதுமான அளவு போகுது, காத்துதான் பத்தலைன்னு அர்த்தம். அப்போ ஏர் ஃபில்டரைப் பார்க்கணும். நீலமா வந்தா ஆயில் எரியுது. முழுசா மிதிச்சும் புகையே இல்லாம படுத்துச்சுன்னா டீசலே பம்புக்குப் போய்ச் சேரல. டீசல் ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?

சரக்கு_காரவள்ளி
ஃபில்டர் புதுசுங்க. மெக்கானிக் மொதல்ல அதைத்தான் மாத்தினாரு. அப்பவும் அப்படியே.

ஏற்காடு_வியூ
இது ரிப்பேரே இல்லை. மலை ஏற ஏறக் காத்து அடர்த்தி குறையும். டர்போ இல்லாத என்ஜினுக்கு ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் சக்தி போயிடும். கொல்லிமலை மேல ஆயிரத்துக்கும் மேல. இருக்கிறதே 16 குதிரை, அதுல ஒண்ணரை போனா என்ன ஆகும்?

டாப்கியர்
அது 2007லயும் அதே மலைதானே? இத்தனை வருஷம் ஏறின வண்டிதானே?

கேரேஜ்_மணி
பிரேக் பிடிச்சுட்டு நிக்குதான்னும் பாருங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, ஈர விரலால டிரம்மைத் தொட்டுப் பாருங்க. ஒரு சக்கரம் மட்டும் சுர்ருன்னா அங்கதான் கோளாறு.

சரக்கு_காரவள்ளி
எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குங்க. இன்னொண்ணு, ஓரமா நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா மறுபடி நல்லா ஏறுது. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் படுத்துடும்.

நாமக்கல்_லாரி
இதை மொதல்லயே சொல்லக் கூடாதா சாமி! டேங்க் மூடி பழசா, மாத்தினதா?

சரக்கு_காரவள்ளி
பழசு காணாம போச்சுங்க. போன மாசம் கடைல ஒண்ணு வாங்கிப் போட்டேன். ரப்பர் வாஷரோட நல்லா டைட்டா இருக்கு. அதுக்கும் பிக்கப்புக்கும் என்னங்க சம்பந்தம்?

நாமக்கல்_லாரி
எண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டுக் கவுத்தா ஒழுங்கா வருமா? எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தானே வரும். டேங்கும் அப்படித்தான். டீசல் குறையக் குறைய உள்ள காத்து வரணும். சில வண்டிக்கு அந்த வழி மூடியிலேயே இருக்கும், சிலதுக்கு டேங்க் மேல தனிக் குழாய். வழி அடைஞ்சிருந்தா உள்ள வெற்றிடம் ஆகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. நிறுத்தி வெச்சா எங்கயாவது இடுக்குல காத்து புகுந்து சரியாயிடும், மறுபடி ஏறும். அடுத்த தடவை படுத்தா ஆஃப் பண்ணாம இறங்கி மூடியைத் திறங்க. 'புஸ்'ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா பம்பைத் தொடவே வேண்டாம்.

சேலம்_டிரான்ஸ்போர்ட்
அவ்வளவு எதுக்கு? மூடியைக் கழட்டிட்டு ஒரு துணியைக் கட்டி ஓட்டுங்க. நாங்க எல்லாம் அப்படித்தான் ஓட்டினோம்.

இருசக்கரம்
தயவுசெஞ்சு அந்த வேலையை மட்டும் பண்ணாதீங்க. காரவள்ளிலேர்ந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் டேங்க் அலம்பி டீசல் சிந்தும். பின்னாடி பைக்ல வர்றவன் வழுக்கி விழுவான். அந்த ரோட்டுல நான் விழுந்திருக்கேன்.

சேலம்_டிரான்ஸ்போர்ட்
மெதுவா வந்தா யாரும் விழ மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வளைவுக்கு வளைவு சாய்ச்சு வீடியோ எடுக்கிறவங்க எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இருசக்கரம்
நான் வீடியோ எடுக்கப் போகலை, வேலைக்குப் போனேன்.

பழைய_இரும்பு
லோடு 'வழக்கம்போல' என்றாரே, எத்தனை கிலோ என்று யாரும் கேட்கவில்லை. அந்த வண்டிக்கு அனுமதி 750 கிலோ. இங்கே வழக்கம் என்றால் ஒன்றரை டன் என்று பொருள்.

சேலம்_டிரான்ஸ்போர்ட்
750 கிலோ ஏத்தினா டீசல் காசு வருமா, டியூ கட்ட முடியுமா? ஏசி ரூம்ல உட்கார்ந்துட்டு சட்டம் பேசுறது சுலபம்.

பழைய_இரும்பு
நான் ஏசி அறையில் இல்லை. பட்டறையில் இருக்கிறேன். நீங்கள் ஏற்றும் லோடில் முறிந்த லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் வாசலில் குவிந்து கிடக்கின்றன.

பூஸ்ட்_பிரபு
இறங்கும்போது பிரேக் போனா என்ன பண்ணுவீங்க?

சேலம்_டிரான்ஸ்போர்ட்
டர்போ ஹோஸை மாத்திட்டு இறங்குவேன்.

கேரேஜ்_மணி
சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். அண்ணா, மூடி சோதனைல தெளிவா தெரியலைன்னா இன்னொரு வழி இருக்கு. சுத்தமான அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி, பம்பை விட உயரமா, சூடான இடம் படாம கட்டுங்க. ஃபில்டருக்கு வர்ற ஹோஸைக் கழட்டிட்டு கேன்லேர்ந்து நேரா லைன் குடுங்க. மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேன்ல விட்டுடுங்க, லைன்ல மாட்டின காத்தை (ஏர்லாக்) எடுத்துட்டு ஒரு மேடு ஏறிப் பாருங்க. கும்முன்னு ஏறுச்சுன்னா பம்ப் நல்லா இருக்கு. கோளாறு டேங்க்லேர்ந்து ஃபில்டர் வரைக்கும்தான். அப்போ மூடி, டேங்க் உள்ள இருக்கிற ஜல்லடை, ரப்பர் ஹோஸ் மூணுதான் பார்க்கணும். பழைய ரப்பர் வெளிய பார்க்க நல்லா இருக்கும், உள்பக்கம் ஊறி உரிஞ்சு அடைச்சுக்கும். கேன்லயும் படுத்தாத்தான் பம்பைப் பத்திப் பேசணும்.

டாப்கியர்
அருமை. இதைத்தான் மேலே ஒட்டி வைக்கணும்.

டாப்கியர்
@சரக்கு_காரவள்ளி என்ன ஆச்சு? பார்த்தீங்களா?

கிளட்ச்_கண்ணன்
கிளட்ச் மாத்திட்டு இருப்பார்.

சரக்கு_காரவள்ளி
ஏறுதுங்க. மூடி மாத்தியாச்சு, ஹோஸும் மாத்தியாச்சு, டேங்கையும் கழுவியாச்சு. பம்பைக் கழட்டலை. எல்லாருக்கும் நன்றி, லோடுக்குப் போறேன்.

நாமக்கல்_லாரி
சொன்னேன்ல, மூடிதான்.

கேரேஜ்_மணி
அண்ணே, ஹோஸும் மாத்தியிருக்காரே. அந்த வயசு வண்டிக்கு ஹோஸ்தான் காரணமா இருக்கும்.

நாமக்கல்_லாரி
நிறுத்தி வெச்சா சரியாகுதுன்னாரே தம்பி? ஹோஸ் அடைச்சா தானா எப்படித் திறக்கும்?

கேரேஜ்_மணி
ஏன் திறக்காது? உரிஞ்ச தோல் இழுவைல மடங்கி வழியை மறைக்கும், இழுவை நின்னா திரும்ப விரிஞ்சுக்கும். @சரக்கு_காரவள்ளி மூடியைத் திறந்தப்போ சத்தம் வந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.

பழைய_இரும்பு
வர மாட்டார். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று அவருக்கே தெரியாது.