நீலகிரியை வரையும்போது தேயிலையை விட்டுவிடலாமா?

சோலைநிழல் (கோத்தகிரி)
பல வருஷமாக நீலகிரியை நீர்வண்ணத்தில் வரைகிறேன். சமீபத்தில் குன்னூரில் என் படங்களைப் பார்த்த ஒருவர், "எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றில்கூட தேயிலை இல்லையே" என்றார். தெரிந்தேதான் விடுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

என் படங்கள் அவலாஞ்சியிலும் அப்பர் பவானியிலும் பிறக்கின்றன. மேலே புல்வெளி, மலை மடிப்புக்குள் சோலைக்காடு. அங்கே உட்கார்ந்து மேட்டின் கோட்டை மட்டும் பென்சிலில் எடுப்பேன், நிறங்களைப் பக்கத்தில் எழுதிவைப்பேன். புகைப்படம் எடுப்பதில்லை, கேமராவில் சோலை முழுக்க ஒரே கரும்பச்சையாகிவிடும். தளிர் விடும் நேரத்தில் பார்த்தால் மர உச்சிகளில் செம்பு நிறம், இளஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். வண்ணம் தீட்டுவது வீட்டில்தான். பனிமூட்டம் இறங்கிய நாளில் தாள் லேசில் காயாது. அந்த ஈரத்தில் அடுத்த நிறத்தை விட்டால் சோலையின் ஓரம் தானாகவே புல்லுக்குள் கரையும். அப்படிப்பட்ட நாளுக்காகக் காத்திருந்து வரைகிறேன்.

தேயிலையும் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்து சோலையிலும் புல்வெளியிலும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. மிச்சம் இருப்பதைப் பார்த்து வரைவதுதான் என் வேலை என்று நினைக்கிறேன்.

கொழுந்து (குன்னூர்)
படங்களை நானும் பார்த்தேன் அக்கா. கை நேர்த்தியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் வளர்ந்தவள். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் என் தாத்தா பாட்டியும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலை போட்டது, இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீ அதுதான். காட்டை எடுத்தது தப்பு என்றால் அந்தக் கேள்வியை வெள்ளைக்காரத் துரையிடமும் அரசாங்கத்திடமும் கேளுங்கள். நீங்கள் தேயிலையை அழிக்கும்போது படத்திலிருந்து காணாமல் போவது என் அம்மா.

பென்சில்முனை (கொடைக்கானல்)
ஓவியரிடம் இதை வரை, அதை வரை என்று பட்டியல் கொடுப்பது சரியில்லை. மலையில் எந்தச் சுற்றுலாக் கடைக்குப் போனாலும் தேயிலைச் சரிவு, கூடை சுமந்து சிரிக்கும் பெண், இதுதான் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வாங்குகிறவர்கள் கேட்பதும் அதைத்தான். அந்தச் சந்தைக்கு வரைய மாட்டேன் என்று ஒருவர் நிற்கிறார். அதை மதிக்க வேண்டும்.

கொழுந்து
அந்தக் கூடைப் பெண்ணை எனக்கும் பிடிக்காது. இப்போது பல தோட்டங்களில் கூடையே கிடையாது. முதுகில் சாக்கு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, கையில் கத்திரி. கத்திரியைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கியிருக்கும். யாரும் அதை வரைவதில்லை.

இன்னொன்று. தேயிலை என்றால் பச்சைக் கம்பளம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளை கழித்த தேயிலைக் காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு இலை இருக்காது. சாம்பல் வெளுப்பில் முறுக்கிய தண்டுகள், அதில் பாசி, கீழே செம்மண், வெட்டுவாய் மட்டும் புது மர நிறம். நிறத்தைப் பெயர் எழுதிக் குறிக்கிற ஒருவருக்கு அதில் வேலை இல்லையா?

மலைப்பாதை (கூடலூர்)
எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். உண்ணிச்செடியும் (லாண்டனா) வெளியிலிருந்து வந்ததுதான், அழகுக்காகக் கொண்டுவந்து காடு முழுக்கப் பரவியது. அதே செடியை வெட்டி, தண்டை வேகவைத்து, தோல் உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டி நிஜ அளவில் யானை செய்கிறார்கள். பெட்ட குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவேலை. 2021இல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைகள் நின்றன. காட்டைக் கெடுத்த செடி என்பதால் அவர்கள் அதைத் தொடாமல் விடவில்லை.

கோத்தகிரியிலேயே வெள்ளெரிகொம்பை கிராமத்தைப் பாருங்கள். ஆலு குறும்பர் ஓவியர்கள் வேங்கைப் பிசினால் வரைகிறார்கள். பாறையில் தேன் எடுப்பது, ஆட்டம், சாமி கும்பிடுவது என்று படம் முழுக்க ஆட்கள்தான். காட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் ஆளில்லாத காட்டை வரையவில்லை.

சோலைநிழல்
குறும்பர் படங்களை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வரைவது அவர்கள் வாழ்க்கை. நான் அதை எடுத்தால் திருட்டு. கொழுந்து சொன்ன மணிக்கட்டும் அப்படித்தான், வெளியே நின்று பார்க்கிற நான் வரைந்தால் அந்தக் கடைப்படத்தின் தங்கையாகத்தான் வரும்.

விடுவது என்பது புதுசும் இல்லை. தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கய்யாவும் கோவிந்துவும் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த செடிப் படங்களைப் பார்த்துத்தான் நான் கோடு பழகினேன். வெறும் தாளில் ஒரே ஒரு செடி. சுற்றிலும் மண் இல்லை, மலை இல்லை, ஆள் இல்லை. அந்த வெறுமையால்தான் ஒரு காம்பின் மயிர்கூட நம் கண்ணில் படுகிறது. கோவிந்துவின் பெயரை வைட் ஒரு ஆர்க்கிட் வகைக்கே வைத்தார்.

கொழுந்து
கோவிந்து வரைந்த செடி தன்னைச் செடி என்று மட்டும்தான் சொல்லிக்கொள்கிறது. உங்கள் படங்களுக்குக் கீழே "நீலகிரி" என்று எழுதியிருக்கிறது. "அவலாஞ்சிச் சோலை" என்று போட்டிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். மாற்றுவீர்களா?

பென்சில்முனை
தலைப்பில் போய்ச் சண்டையா?

கொழுந்து
ஆமாம், தலைப்பில்தான். வாங்கிப்போகிறவர் சென்னையில் சுவரில் மாட்டி, இதுதான் நீலகிரி என்று பிள்ளைக்குக் காட்டுவார்.

சோலைநிழல்
மாற்ற மாட்டேன். தேயிலைக்கு முன்பும் இது நீலகிரிதான். அந்த மலை எப்படி இருந்தது என்று காட்ட இன்றைக்கு மிஞ்சியிருப்பது சில மடிப்புகள் மட்டுமே. அதற்கு அந்தப் பெயரைச் சொல்ல உரிமை இல்லை என்றால் வேறு எதற்கு இருக்கிறது?

கொழுந்து
சரி, தேயிலைக்கு முன்பு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்தப் புல்வெளியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன, அவர்களின் குடியிருப்புகளான மந்துகள் இருந்தன. இன்றும் தோடப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக எருமைக் கொம்பைத் தைக்கிறார்கள். உங்கள் புல்வெளியில் எருமையையும் காணோம், மந்துகளையும் காணோம். காட்டை எடுத்துக்கொண்டது என்று சொல்லித் தேயிலையை விட்டீர்கள். எருமையை எந்தக் காரணத்துக்காக விட்டீர்கள்?