மட்டக்களப்பிலிருந்து துன்ஹிந்த: ஒரு நாளில போய் வரேலுமா?

அண்ணன்மாரே, வாற ஞாயிறு வேன் ஒண்டு பிடிச்சு பதுளைப் பக்கம் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பாக்க யோசிக்கிறம். அம்மாவும் வாறா, முழங்கால் வருத்தம். எந்த ரோட்டால போறது?

மறுமொழி 1:
ஓம் மச்சான், போகலாம். செங்கலடியால ஏ5 ரோட்டப் பிடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பிறகு பதுளை. வெள்ளண நாலு மணிக்கு வெளிக்கிட்டா மகாஓயா வெந்நீர்க் கிணத்தடியில விடியும், கால் கழுவிட்டுப் போங்க. பிபிலை தாண்டினா ஒரே வளைவு, போன முறை எங்கட பொடியன் லுணுகலைக்கு முதலே காலைல திண்ட இடியப்பம் முழுக்க வெளிய, தேசிக்காய் கட்டாயம்.

மறுமொழி 2:
தம்பி, அம்மாவ யோசிச்சுக் கூட்டிப் போங்க. வாகனம் நிப்பாட்டின இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் கிட்ட நடக்கோணும், படியும் இருக்கு, ஈரத்தில வழுக்கும். 64 மீட்டர் உயரத்தில இருந்து விழுற தண்ணி, தூரத்திலயே சாரல் மூக்குக் கண்ணாடிய நனைக்கும். சோத்துப் பார்சல கையில தூக்கிட்டுப் போகாதீங்க, குரங்கு பறிச்சிரும். மார்கழி மழைக்கு மட்டும் வேணாம், பசறைப் பக்கம் மண் சரியும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. அம்மா பதுளை முருகன் கோயில்ல இருக்கிறாவாம், எங்களப் போகட்டாம்.