போல்ட் போட்டாச்சு, க்ரீச்சர் ஏன் சாகல? மேசையில் பார்த்ததைப் பகிருங்க

குடந்தை டிகிரி:
தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம்னு மேஜிக்: தி கேதரிங்ங்கிற கார்டு ஆட்டம் ஆடுற மேசை எங்கே இருந்தாலும் தகராறு பெரும்பாலும் டேமேஜ் ஸ்பெல்லில்தான் (அடி கொடுக்கிற மந்திரக் கார்டு) வருது. லைட்னிங் போல்ட்டையே எடுத்துக்குவோம். 1993-ல் வந்த முதல் தொகுப்பான ஆல்ஃபாவிலிருந்து விலையும் அடியும் அதேதான்: ஒரு சிவப்பு மனா (லேண்ட் கார்டு தர்ற சக்தி), இன்ஸ்டன்ட் (எதிராளி டர்னிலும் போடலாம்), 3 டேமேஜ். 20 உயிருக்கு ஏழு போல்ட் வேணும், டெக்கில் வைக்க முடிஞ்சது நாலு. அதனால ஒவ்வொண்ணும் எப்ப போடுறோம்கிறது முக்கியம்.

ஒரு மவுன்டனை (சிவப்பு மனா தர்ற லேண்ட்) டாப் பண்ணி, அதாவது பக்கவாட்டில் திருப்பி மனா எடுத்து, கார்டை வைக்கும்போதே டார்கெட்டையும் சொல்லிடணும். ஸ்பெல் ஸ்டாக்கில், அதாவது நடக்கக் காத்திருக்கிற அடுக்கில், ஏறும். அதுக்கப்புறம்தான் எதிராளி பதில் போடுவார். அவர் பதிலைப் பார்த்துட்டு "சரி, அப்ப உனக்கே மூணு"ன்னு டார்கெட்டை மாத்துறது செல்லாது. கடைசியா ஏறினது முதல்ல நடக்கும்.

அடிக்கடி வர்ற கட்டம் இது. 2/2 க்ரீச்சர் (முதல் எண் பவர், அதாவது அடிக்கிற அளவு; ரெண்டாவது டஃப்னஸ், அதாவது தாங்குற அளவு) மேல போல்ட். பதிலுக்கு ஒரு பச்சை மனாவில் ஜயன்ட் க்ரோத், +3/+3. க்ரோத் முதல்ல நடந்து 5/5 ஆயிடும், போல்ட்டோட 3 விழுந்தாலும் உயிரோட நிக்கும். "டர்ன் முடிஞ்சு 2/2 ஆனதும் செத்துடும்ல?" என்பாங்க. சாகாது. டர்னோட கடைசிக் கட்டமான க்ளீனப் ஸ்டெப்பில் டேமேஜ் அழியுறதும் க்ரோத் போறதும் ஒரே நேரத்தில் நடக்குது.

அதையே திருப்பிப் பாருங்க. அவர் க்ரோத்தை முதல்ல போடட்டும், அது ஸ்டாக்கில் இருக்கும்போதே நீங்க போல்ட் போடுங்க. போல்ட் முன்னாடி நடக்கும், 2/2 காலி, டார்கெட் இல்லாம க்ரோத்தும் வீண். ஒரு மனாவில் ரெண்டு கார்டு போச்சு. க்ரீச்சர் மேல ஒட்டுற ஆரா கார்டு போடும்போதும் இதே கணக்குதான். கையில் போல்ட் இருந்தா எதிராளி லேண்டை டாப் பண்ற வரைக்கும் பொறுங்க.

கொள்ளிடக்கரை:
சண்டைக் கட்டத்தில் நடக்கும் இரண்டு பிழைகளைச் சொல்கிறேன். முதலாவது, தடுக்க வந்த க்ரீச்சரை போல்ட்டால் கொன்றுவிட்டு, "இப்போது தடுப்பு இல்லை, என் அடி உனக்குத்தான்" என்பது. பிளாக் அறிவித்தபின் அட்டாக்கர் பிளாக் ஆனது ஆனதுதான். ட்ராம்பிள் (பிளாக்கரைத் தாண்டி மிச்ச அடியை ஆளுக்குக் கொடுக்கும் திறன்) இருந்தால் ஒழிய ஆளுக்கு அடி போகாது. வழியைத் திறக்க வேண்டுமென்றால் பிளாக்கைச் சொல்வதற்கு முன்பே கொல்ல வேண்டும்.

இரண்டாவது, டேமேஜ் அந்த டர்ன் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறப்பது. 4/4 ஒன்று 1/1 பிளாக்கரிடம் 1 வாங்கியிருந்தால் சண்டை முடிந்தபின் ஒரு போல்ட் போதும். கோப்ளின் கிங்கும் இப்படித்தான் மாட்டும். அது மற்ற கோப்ளின்களுக்கு +1/+1 தருகிறது. சண்டையில் 2 டேமேஜ் வாங்கி 3/3 ஆகப் பிழைத்து நிற்கும் கோப்ளின், பின்னால் கிங்கை போல்ட்டில் அடித்ததும் 2/2 ஆகிச் சாகும். ஒரு போல்ட்டில் மூன்று நான்கு கோப்ளின் போவது இப்படித்தான்.

ஃபயர்பால் தனிக் கணக்கு. விலை எக்ஸும் (நீங்கள் விரும்பும் அளவு மனா; அதுவே மொத்த டேமேஜ்) ஒரு சிவப்பும். முதல் டார்கெட்டுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 1 கூடுதல். எக்ஸ் சமமாகப் பிரியும், மீதி வீண். எட்டு லேண்ட் இருந்தால் ஒரு டார்கெட்டுக்கு 7. இரண்டுக்கு எக்ஸ் 6, ஆளுக்கு 3. மூன்றுக்கு எக்ஸ் 5 தான், ஆளுக்கு 1, இரண்டு டேமேஜ் காற்றில் போகிறது. ஒன்பதாவது லேண்ட் வந்தால் அதே மூன்றுக்கும் 2. ஆகவே எட்டு லேண்டில் மூன்று பேரைக் குறிவைப்பது பெரும்பாலும் அவசரம்.

இந்தப் பிரிப்பு ஸ்பெல் ரிசால்வ் ஆகும்போது (நடந்தேறும்போது), அப்போது செல்லுபடியாகும் டார்கெட்டுகளுக்குள் மட்டும் நடக்கும். எக்ஸ் 6, மூன்று டார்கெட் என்று வையுங்கள். எதிராளி அதில் ஒன்றைத் தானே பலி கொடுத்தால் (சாக்ரிஃபைஸ்) மீதி இரண்டுக்கும் 3 விழும். காப்பாற்றப் போய் மற்ற இரண்டுக்கும் அடியை ஏற்றிவிட்டார். ஃபோர்க்டு போல்ட் அப்படியில்லை: 2 டேமேஜை எப்படிப் பிரிப்பது என்று போடும்போதே சொல்லியாக வேண்டும். ஒரு டார்கெட் போனால் அதன் பங்கும் போச்சு.

ஆரூர்த்தேர்:
டார்மோகாய்ஃப்ங்கிற க்ரீச்சர் பற்றி யாரும் சொல்லலையே. எல்லா கிரேவ்யார்டிலும் (தீர்ந்த கார்டு போடுற குவியல்) சேர்த்து எத்தனை வகைக் கார்டு இருக்கோ அதுதான் பவர், டஃப்னஸ் அதைவிட ஒண்ணு கூட. லேண்டும் க்ரீச்சரும் மட்டும் கிடந்தா 2/3. போல்ட் போட்டா சாகும்னு தோணும். ஆனா ரிசால்வ் ஆகி முடியும்போதே போல்ட் கிரேவ்யார்டுக்குப் போயிடும், சாவு சரிபார்க்கிறது அதுக்கப்புறம்தான். இன்ஸ்டன்ட் புது வகையா சேர்ந்து 3/4 ஆகிப் பிழைச்சுக்கும். கிரேவ்யார்டில் ஏற்கெனவே ஒரு இன்ஸ்டன்ட் கிடந்தாத்தான் இந்தப் பிழைப்பு கிடையாது. போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கிரேவ்யார்டையும் புரட்டிப் பாருங்க.

வெண்ணாறு:
அண்ணே, புதுசா ஆடுறேன். ஹெக்ஸ்ப்ரூஃப், ப்ரொடக்ஷன், வார்டு மூணும் குழப்புது. பழைய போல்ட் கார்டில் "க்ரீச்சர் அல்லது ப்ளேயர்"னு இருக்கு, ப்ளேன்ஸ்வாக்கரை அடிக்கலாமா?

குடந்தை டிகிரி:
அடிக்கலாம் தம்பி. 2018-ல் டொமினேரியா தொகுப்பு வந்தப்ப வாசகத்தை "எந்த டார்கெட்டும்"னு மாத்தினாங்க. பழைய அச்சுக்கும் அதுதான் பொருந்தும். ப்ளேன்ஸ்வாக்கர்னா (ஆளுக்குத் துணை நிக்கிற மந்திரவாதி கார்டு) அதோட உயிர்க்கணக்கான லாயல்ட்டி 3 குறையும். 2023-ல் வந்த பேட்டில் வகைக் கார்டையும் அடிக்கலாம்.

ஹெக்ஸ்ப்ரூஃப்னா எதிராளி டார்கெட் பண்ண முடியாது, அவ்வளவுதான். பைரோக்ளாஸம்ங்கிற ஸ்பெல் யாரையும் டார்கெட் பண்றதில்ல, எல்லா க்ரீச்சருக்கும் 2 கொடுக்கும், அதனால அடி விழும். சிவப்புக்கு எதிரான ப்ரொடக்ஷன் இருந்தா பைரோக்ளாஸம் டேமேஜும் நுழையாது. இன்டஸ்ட்ரக்டிபிள் க்ரீச்சர் டேமேஜை வாங்கிக்கும், ஆனா அழியாது. அங்கே போல்ட் வேஸ்ட்.

வார்டு 2 இருந்தா உன் ஒரு மனா போல்ட் மூணு மனா ஆயிடுச்சுன்னு வச்சுக்க. ரெண்டு மிச்சம் இல்லாம போட்டா போல்ட் கவுன்டர் (ரத்து) ஆயிடும். அதுக்கு முன்னாடி வேற கார்டுக்கு லேண்டைச் செலவழிக்கிறதுதான் புது ஆட்கள் வழக்கமா செய்யுற தப்பு.

கொள்ளிடக்கரை:
குறி வைக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேமேஜுக்கும் +1/+1 கவுன்டருக்கும் (க்ரீச்சர் மேல் நிலையாக நிற்கும் குறி) ஒரே டைஸை வைத்தால் சண்டை நிச்சயம். கவுன்டருக்கு டைஸ், டேமேஜுக்குப் புளியங்கொட்டை. பல்லாங்குழி இருக்கும் வீட்டில் பஞ்சமே இல்லை. டர்ன் முடிந்ததும் கொட்டையை மட்டும் வழித்தெடுத்தால் கணக்கு நேர்.

ஆரூர்த்தேர்:
ஐப்பசி மழைக்கு ஃபாயில் (மினுமினுப்புப் படலம் ஒட்டின) போல்ட் வளையும், அதையும் சொல்லிடுறேன். அட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஃபாயில் படலம் உப்பாது, அதனால கார்டு வில்லா வளையும். டெக்கில் நாலு மட்டும் வளைஞ்சிருந்தா பின்பக்கம் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம், டோர்னமென்டில் அது குறி வச்ச கார்டுன்னு ஆகும். காத்துப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க, இரட்டை ஸ்லீவ் போடுங்க. நான் கேட்டா ஆடுற டெக்குக்குச் சாதா போல்ட்டே போதும்பேன். ஜெராக்ஸ் கடையில் எடுத்த ப்ராக்ஸி வீட்டு மேசைக்கு ஓகே, அதிகாரபூர்வ டோர்னமென்டில் விடமாட்டாங்க.

வெண்ணாறு:
கமாண்டர்ங்கிற ஆட்ட முறைக்கும் நாலு போல்ட் வைக்கலாமா அண்ணே?

குடந்தை டிகிரி:
அங்கே ஒவ்வொண்ணும் ஒண்ணுதான் தம்பி, பேசிக் லேண்ட் தவிர. ஆளுக்கு 40 உயிர், சுத்தி மூணு எதிராளி. மூணு டேமேஜை ஆள் மேல வீணாக்காதே. மனா தர்ற சின்ன க்ரீச்சர், லாயல்ட்டி குறைஞ்ச ப்ளேன்ஸ்வாக்கர்னு பார்த்து அடி.