விலையை மாற்றியும் பழைய பக்கமே வருகிறது, பிரவுசரைப் புதியதை எடுக்க வைப்பது எப்படி?

உப்புவெளிப் பொடியன்:
மாமாவின் கெஸ்ட் ஹவுஸ் இணையத்தளத்தை நான்தான் பார்க்கிறேன். சீசன் தொடங்க முதலே றூம் வாடகையையும் புறாத்தீவுப் படகுக் கட்டணத்தையும் மாற்றி, விலைப் படத்தையும் அதே பெயரில் ஏற்றிவிட்டேன். லேப்டாப்பில் குரோமில் எஃப்5 அடித்தால் எழுத்தெல்லாம் புதிது, படம் மட்டும் பழையது. போனில் முழுப் பக்கமுமே போன வருஷத்தது. வருகிறவர்கள் போனை நீட்டிப் பழைய விலைக்கு றூம் கேட்க, மாமா என்னை முறைக்கிறார். என்ன செய்யலாம்?

நிலாவெளி அண்ணை:
தம்பி, கன்ட்ரோலோடு எஃப்5, இல்லாவிட்டால் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர். மேக் என்றால் கமாண்ட் ஷிஃப்ட் ஆர். 2017 வாக்கிலிருந்து குரோம் வெறும் எஃப்5இற்குப் பக்கத்தை மட்டும்தான் சேர்வரிடம், அதாவது தளம் இருக்கிற கணினியிடம், விசாரிக்கும், படம் கேஷில் (பிரவுசர் முன்பு எடுத்துச் சேமித்து வைத்திருக்கும் இடத்தில்) காலாவதியாகாமல் கிடந்தால் அதையே தூக்கிப் போட்டுவிடும். அதுவும் சரிவராவிட்டால் எஃப்12 அடித்து டெவலப்பர் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரீலோட் பட்டனை வலது கிளிக் செய்தால் கேஷைக் காலி செய்து ஏற்றும் தெரிவு வரும். போனில் செட்டிங்ஸில் கேஷை மட்டும் அழித்தால் போதும், குக்கீயையும் சேர்த்து அழித்தால் எல்லா இடத்திலும் திரும்ப லாகின் செய்ய வேண்டி வரும்.

மூதூர் அக்கா:
அதெல்லாம் உங்கள் திரைக்குத்தான். வருகிறவர் ஒவ்வொருவரின் போனையும் வாங்கி அழித்துக்கொண்டா இருப்பீர்கள்? எஃப்12 பகுதியில் நெட்வொர்க்கைத் திறந்து அந்தப் படத்தின் ஹெடரைப் பாருங்கள், அது படத்தோடு சேர்வர் அனுப்பும் குறிப்பு. மேக்ஸ்-ஏஜ் 31536000 என்று இருந்தால் அது விநாடிக் கணக்கு, சரியாக ஒரு வருஷம், அதுவரை பிரவுசர் சேர்வர் பக்கமே எட்டிப் பார்க்காது. படத்தின் பெயரை மாற்றி ஏற்றுங்கள், புதுப் பெயர் யாருடைய கேஷிலும் இருக்காது. பக்கத்துக்கு மட்டும் கேஷ்-கன்ட்ரோல் என்ற ஹெடரில் நோ-கேஷ் கொடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, நோ-கேஷ் என்றால் சேமித்து வைக்கலாம், ஆனால் காட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சேர்வரிடம் கேட்க வேண்டும். மாறவில்லை என்றால் சேர்வர் பக்கத்தைத் திரும்ப அனுப்பாமல், மாறவில்லை என்கிற 304 குறியீட்டை மட்டும் சொல்லிவிடும், டேட்டா செலவும் மிகக் குறைவு. சேமிக்கவே கூடாது என்றால்தான் நோ-ஸ்டோர், விலைப் பக்கத்துக்கு அது தேவையில்லை.

உப்புவெளிப் பொடியன்:
அக்கா, அதே 31536000தான் கிடக்கிறது! பெயரை மாற்றினேன், லேப்டாப்பில் உடனே வந்துவிட்டது. ஆனால் போன் அசையவில்லை, கேஷை அழித்த பிறகும் பழைய பக்கம்தான். இன்னொன்று, டேட்டாவை நிறுத்தினாலும் தளம் திறக்கிறது.

மூதூர் அக்கா:
அப்படியென்றால் சர்வீஸ் வோர்க்கர், தளம் பிரவுசரில் பதித்து வைக்கிற ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்). தளத்தைச் செய்து தந்தவர் ஆஃப்லைனில் திறக்கட்டும் என்று வைத்திருப்பார். அது தனியாக ஒரு கேஷ் வைத்துக்கொண்டு பழையதையே எடுத்துக் கொடுக்கும், அதற்கு சைட் டேட்டாவை அழிக்க வேண்டும். சேர்வரில் அந்த ஸ்கிரிப்டை அழித்துவிட்டு இருந்துவிடாதீர்கள், ஏற்கெனவே போன்களில் பதிந்தது அப்படியே நிற்கும். அதே பெயரில், தன் கேஷை அழித்துத் தன்னையும் நீக்கிக்கொள்கிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். அந்தப் போன்கள் அடுத்த முறை தளத்தைத் திறக்கும்போது அதை எடுத்துக்கொள்ளும், அதற்கடுத்த தடவை புது விலை வரும்.

நிலாவெளி அண்ணை:
அதுவரைக்கும் விலையை ஒரு மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிடும் தம்பி.