மேலமாசி வீதி வீட்டார்: எப்காட் சாப்பாட்டுப் பஞ்சாயத்து

திங்கள்கிழமை

முரளி அத்தான்: அனைவருக்கும் வணக்கம். ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்கா உணவகங்களின் முன்பதிவு, நாளை இங்கே அட்லாண்டாவில் காலை 6 மணிக்கு நமக்குத் திறக்கிறது. டிஸ்னி ஓட்டலிலேயே தங்குகிறோம் என்பதால், போய் இறங்கும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் நாட்கள் அத்தனைக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடலாம். வெளியே தங்குபவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக 60 எண்ண வேண்டும். உணவுத் திருவிழா நடக்கும் சமயம், கூட்டம் நெரியும். எனவே எந்த நாள், எந்த உணவகம், எத்தனை பேர் என்பதை இன்று இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

சேகர் மாமா: ஜெர்மனி. சனிக்கிழமை.

பெரியம்மா: ஆர்லாண்டோ என்றுதானே சொன்னீர்கள், ஜெர்மனி எங்கே வந்தது?

முரளி அத்தான்: அத்தை, எப்காட்டில் ஓர் ஏரி. அதைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள். மெக்சிகோவில் தொடங்கிக் கனடாவில் முடியும். ஒரு சுற்று ஏறத்தாழ 2 கிலோமீட்டர். 1982-இல் திறந்தபோது ஒன்பது நாடுகள்தான். மொராக்கோ 1984-இல் சேர்ந்தது, நார்வே 1988-இல்.

சேகர் மாமா: மாப்பிள்ளை, மொராக்கோ எப்போது சேர்ந்தது என்று யார் கேட்டார்கள்?

சுதா அக்கா: இதை ஒரு வாரமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் மாமா. இனி உங்கள் முறை.

பெரியம்மா: சனிக்கிழமை புரட்டாசிச் சனி. யாரும் கறி, மீன் தொடக் கூடாது. சேகர், உனக்கும் சேர்த்துத்தான்.

சேகர் மாமா: அமெரிக்காவிலும் புரட்டாசியா?

பெரியம்மா: பெருமாள் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

முரளி அத்தான்: அதையும் யோசித்துவிட்டேன். சனிக்கிழமை எப்காட்டே வேண்டாம். அனிமல் கிங்டம் லாட்ஜில் ‘சனா’ என்று ஓர் உணவகம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். அது ஓட்டலுக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை. இந்திய முறையில் ஐந்து வகை ரொட்டி, தொட்டுக்கொள்ள ஒன்பது வகை.

பெரியம்மா: சோறு?

முரளி அத்தான்: கேட்டால் கொடுப்பார்கள் அத்தை.

பெரியம்மா: புளியோதரை கட்டி எடுத்து வருகிறேன். உள்ளே விடுவார்களா?

முரளி அத்தான்: விடுவார்கள். சொந்தச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது.

கவிதா சித்தி: அக்கா, அப்படியானால் ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடு. எனக்குக் கூழ் வடகமும் வேண்டும். போன முறை முழுவதும் சுதாவுக்கே போய்விட்டது.

சுதா அக்கா: பாதி வடகம் பெட்டியிலேயே நொறுங்கிவிட்டது சித்தி. தூளைத்தான் வறுத்துச் சாப்பிட்டோம்.

பெரியம்மா: இந்த வருடம் வெயில் போதவில்லை. இரண்டு கிலோதான் காய்ந்திருக்கிறது.

அருண்: ஸ்பேஸ் 220. தயவுசெய்து.

சித்தப்பா: அது என்ன?

அருண்: லிஃப்ட் போன்ற ஒன்றில் ஏற்றி, பூமிக்கு மேலே 220 மைல் போய்விட்டதாகக் காட்டுவார்கள். ஜன்னலில் பூமி தெரியும்.

சேகர் மாமா: தரையிலேயே நின்றுகொண்டு?

அருண்: ஆம் மாமா.

சேகர் மாமா: நம் ஊர்ப் பொருட்காட்சியில் இதையே பத்து ரூபாய்க்குக் காட்டினார்கள்.

முரளி அத்தான்: திருவிழாக் கடைகளையும் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கு முன்பதிவு கிடையாது. கையடக்கத் தட்டுதான், பல இடங்களில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். முந்தைய ஆண்டுகளில் இந்தியக் கடையும் வைத்தார்கள். காலிஃபிளவர், கொண்டைக்கடலை, பாசுமதி சோற்றோடு ‘மெட்ராஸ் சிவப்புக் கறி’.

பெரியம்மா: மெட்ராஸில் யார் வீட்டில் அப்படி ஒரு கறி?

சித்தப்பா: நாற்பது வருடம் மயிலாப்பூரில் இருந்தவன் சொல்கிறேன். யார் வீட்டிலும் இல்லை.

கவிதா சித்தி: அக்காவால் முழங்காலை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. உட்காரும் இடமாகப் பாருங்கள்.

முரளி அத்தான்: அதற்குத்தான் முன்பதிவே சித்தி. இன்னொன்று. பெரும்பாலான உணவகங்களில், பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். இரண்டு மணி நேரம் முன்பே ரத்து செய்தால் பிடிக்கமாட்டார்கள்.

சுதா அக்கா: சேகர் மாமாவிடம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லுங்கள்.

சேகர் மாமா: கொடைக்கானல் பஸ்ஸை இன்னும் மறக்கவில்லையா? பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது, நான் பஸ்ஸை விடவில்லை.

பெரியம்மா: மாப்பிள்ளை, நாளை செவ்வாய். அங்கே காலை ஆறு என்றால் இங்கே மாலை மூன்றரை. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். மாதமும் ஆடி.

முரளி அத்தான்: அத்தை, அட்லாண்டாவில் அப்போது விடியவே இல்லை.

பெரியம்மா: இங்கே விடிந்து பாதி நாள் போய்விட்டது. நாலரைக்கு மேல் செய்யுங்கள்.

அருண்: நாலரை என்றால் அங்கே ஏழு. ஸ்பேஸ் 220 போய்விடும்!

சித்தப்பா: கார்டு அட்லாண்டாவில் இருக்கிறது. ராகுவும் அந்த ஊர்க் கணக்கில்தான் வருவார்.

முரளி அத்தான்: முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் 11 பேர். மூன்று வயதுக்குள் இருப்பதால் குட்டிக்கு பஃபேயில் காசு இல்லை, ஆனால் தலைக்கணக்கில் அவனும் உண்டு. 11 பேருக்கு ஒரே மேசை கிடைப்பது கடினம். ஆறு பேர் ஒரு மேசை, ஐந்து பேர் ஒரு மேசை என்று பிரிக்கலாம்.

சேகர் மாமா: அதாவது முதல் பந்தி, இரண்டாம் பந்தி.

சுதா அக்கா: மாமா.

சேகர் மாமா: ஒன்றுமில்லை அம்மா. 2011-இல் உன் கல்யாணத்தில் தாய்மாமனை எந்தப் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

பெரியப்பா: அன்று மண்டபத்தில் இடம் இல்லை.

சேகர் மாமா: இடம் இருந்தது அத்தான். இலைதான் இல்லை.

கவிதா சித்தி: அக்கா, வடகத்தில் சீரகம் போட்டாயா, ஓமமா?

பெரியம்மா: ஓமம்.

முரளி அத்தான்: ஜெர்மனி உணவகத்தில் எல்லாருக்கும் நீள மேசை. வேறு குடும்பத்தாரையும் நம்மோடு சேர்த்து உட்கார வைப்பார்கள். அங்கே பந்திப் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன்.

சேகர் மாமா: முன்பின் தெரியாதவர்களோடு சாப்பிடுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

சுதா அக்கா: நிலாவுக்கு மிக்கி வேண்டும். கார்டன் கிரில் பாருங்கள். உணவகமே மெல்லச் சுற்றுமாம்.

பெரியம்மா: சுற்றுமா? எனக்கு ஏற்கெனவே தலை சுற்றுகிறது. இவர் மாத்திரை போட வேண்டும், வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை

முரளி அத்தான்: மணி 6.11. கிடைத்தவை: சனி மாலை சனா, ஆறு பேர் ஒரு மேசை, ஐந்து பேர் ஒரு மேசை, இருபது நிமிட இடைவெளி. ஞாயிறு மதியம் 2.40 ஸ்பேஸ் 220, ஆறு பேருக்கு மட்டும். திங்கள் மாலை ஜெர்மனி, ஐந்து பேர். கார்டன் கிரில் கிடைக்கவில்லை, தினமும் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாராவது ரத்து செய்வார்கள்.

பெரியம்மா: ராகுகாலத்தில் செய்தால் பாதிதான் கிடைக்கும்.

பெரியப்பா: ஜெர்மனிக்கு நான் வருகிறேன்.

பெரியம்மா: சர்க்கரையை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் உங்களுக்கு என்ன வேலை?

சேகர் மாமா: அத்தான் வரட்டும் அக்கா. மேசை நீளமானது.

அருண்: ஸ்பேஸ் 220-க்கு நான்.

கவிதா சித்தி: நாங்கள் இரண்டு பேர்.

சேகர் மாமா: நானும். பொருட்காட்சியோடு ஒப்பிட வேண்டும்.

சுதா அக்கா: நிலா அடம் பிடிக்கிறாள். அவளோடு நானும் போக வேண்டும்.

சித்தப்பா: ஆறு ஆகிவிட்டது.

அத்தை (சேகர் மாமாவின் மனைவி): என்னை யாரும் கேட்கவில்லை.

முரளி அத்தான்: ஐந்தரைக்கு எழுந்து பதிவு செய்தவன் நான்!

சேகர் மாமா: இரண்டாம் பந்தி, மாப்பிள்ளை.

பெரியம்மா: உங்களுக்குப் புளியோதரை இருக்கிறது மாப்பிள்ளை. சேகர், அவளிடம் முதலில் பேசு.