அக்கா மகள் ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) எடுக்கிறேன் என்கிறாள், தூதராக எத்தனை வருஷம் ஆகும்?

நொய்யல்கரை (திருப்பூர்):
அக்கா மகள் யூபிஎஸ்சி எழுதுகிறாள். ரேங்க் வந்தால் ஐஏஎஸ் வேண்டாம், ஐஎஃப்எஸ்தான் என்று ஒரே பிடிவாதம். மாமாவோ, "கலெக்டர்னா ஊருக்கே தெரியும், இது வெளிநாட்டுல போய்க் கண்காணாம உட்கார்றது"ங்கிறார். பனியன் கம்பெனிக்காரனான எனக்குத் தூதரகம் என்றால் விசா, அவ்வளவுதான். விவரம் தெரிந்தவங்க சொல்லுங்க.

கோபிக்காரன்:
வளைகுடாவில் நம் தூதரகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாட்டில் மூணு வருஷம் போல, அப்புறம் வேறு நாடு, நடுவே டெல்லி. மூன்றாம் செயலாளராகத் தொடங்கி, கட்டாயமாக ஒரு அயல்மொழியில் தேறி, படிப்படியாக ஏறணும். டி.எஸ். திருமூர்த்தி என்ற அதிகாரி 1985-ல் சேர்ந்தவர், ஐநாவில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியானது, அதாவது அங்கே நம் தூதரானது 2020-ல். சின்ன நாட்டுக்குத் தூதர் என்றால் அதற்கு வெகு முன்பே ஆகலாம்.

விசா மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள், தாராபுரம் பக்கத்துக் கட்டட வேலைப் பையன் இறந்துபோனான், முதலாளி போனே எடுக்கவில்லை. தூதர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அந்த நாட்டு அதிகாரியிடம் அரபியில் பேசினார். முதல் பத்து நிமிஷம் குடும்ப நலம் விசாரிப்புதான், எனக்கானால் எரிச்சல். கடைசியில்தான் பையனைப் பற்றி ரெண்டு வரி. பொழுது சாய்வதற்குள் உடலை அனுப்பும் காகிதம் கைக்கு வந்துவிட்டது.

ஆனைமலையாள் (பொள்ளாச்சி):
கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசலையே! அந்தக் காலத்தில் இந்த சர்வீஸில் பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்கணும். 1949-ல் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை போனார், 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளை வெளுத்து வாங்கினார். இப்போது விதி இல்லை, சரி, ஆனால் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வரும் மாப்பிள்ளையை நம் ஊரில் தேடிப் பாருங்க. என் சித்தி மகள் இதே வேலையில்தான் இருக்கிறாள். அவள் பையன் எட்டாவதுக்குள் நாலு பள்ளிக்கூடம் மாறிவிட்டான், லீவில் வந்தால் ஒப்புட்டு (போளி) என்ற பேரே வராது, "அந்த மஞ்ச சப்பாத்தி" என்று கேட்பான்.

நொய்யல்கரை:
நன்றிங்க. வெள்ளிக்கிழமைக் கதையை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி, நம்ம அம்மிணிக்கு எந்த பாஷை குடுப்பாங்கன்னு கேளு" என்றார்.