பைக்காரா ஏரியில் படகு விட்டோம், பவர் ஹவுஸ் எங்கே?

மலர்_திண்டுக்கல்:
போன வாரம் ஊட்டியிலிருந்து கூடலூர் ரோட்டில் பைக்காரா போனோம். மோட்டார் படகில் ஒரு சுற்று. ஏழாவது படிக்கிற மகள், "கரண்ட் எடுக்கிற அணைன்னு சொன்னியே, மெஷின் எங்கேம்மா?" என்று கேட்டாள். சுற்றிலும் தண்ணீரும் மரங்களும்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்காரா_ஷிப்ட்:
சரியாகத்தான் கேட்டிருக்கிறாள் பாப்பா. ஏரி மொட்டைமாடித் தொட்டி மாதிரி. மெஷின் மலைக்குக் கீழே, மசினகுடி பக்கம் சிங்காராவில் இருக்கிறது. நான் அங்கே 22 வருஷம் ஷிப்ட் பார்த்தவன்.

ஏரித் தண்ணீர் மலை மேலே கிளன்மார்கனில் உள்ள ஃபோர்பேக்கு (குழாயில் விடுவதற்கு முன் தண்ணீர் நிற்கும் சின்னத் தேக்கம்) வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் 900 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. கீழே குறுகிய நாசில் வழியாகப் பீச்சி, பெல்டன் சக்கரத்தின் (விளிம்பில் கிண்ணங்கள் வைத்த டர்பைன்) கிண்ணங்களில் அடிக்கும். சக்கரம் சுற்றி ஜெனரேட்டரை ஓட்டும். இவ்வளவு உயரம் இருப்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும். 1932-லேயே இந்தச் சின்ன ஆற்றை வைத்து மின்சாரம் எடுத்தார்கள் என்றால் காரணம் அந்த உயரம்தான்.

அப்புறம் விஞ்ச். கிளன்மார்கனிலிருந்து சிங்காராவுக்குத் தண்டவாளத்தில், கம்பி வடத்தில் கட்டி இறக்கும் வண்டி. ஏறத்தாழ 3 கிலோமீட்டர். மேலே ஸ்வெட்டர் போட்டு உட்காருவோம், கீழே வருவதற்குள் அது மடியில் இருக்கும். மூடுபனி விலகியதும் முதுமலைக் காடு மொத்தமும் தெரியும். ஒரு நாளும் அலுத்ததில்லை.

சிங்காராவில் சக்கரம் சுற்றிய அதே தண்ணீர் மாயாறு பவர் ஹவுஸிலும் வேலை செய்துவிட்டு பவானிசாகர் போகிறது.

அவிநாசிக்காரன்:
எங்கள் தோட்டத்தில் முன்பெல்லாம் மாடு பூட்டிக் கவலை இறைப்புதான். கரண்ட் லைன் வந்ததும் அப்பாரு கிணற்றில் மோட்டார் வைத்தார். கடைசி வரை அவர் "கரண்ட் வந்துதா" என்று கேட்டதே இல்லை, "பைக்காரா வந்துதா" என்பார். 1930-களில் கோவையில் மில்கள் பெருகியதும் இந்த மின்சாரத்தால்தான்.

மலர்_திண்டுக்கல்:
ஐயா, மகளுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது விஞ்சில் போகணும் என்கிறாள்!

சிங்காரா_ஷிப்ட்:
அது வேலை செய்கிறவர்களுக்காகப் போட்டதும்மா, மின்வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஏற முடியாது. அடுத்த முறை மசினகுடி வழியாக வந்தால் சிங்காரா பக்கம் மலைச்சரிவைக் காட்டுங்கள். காட்டுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி இறங்குவது அந்தக் குழாய்கள்தான்.